படத்தை வரைவது மென்பொருள் அல்ல

ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் முறைமை என்றால் என்ன என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு மென்பொருளின் பெயர்தான் பதிலாக வருகிறது. வேலைக்கு ஆள் எடுப்பவர் ஆர்க்ஜிஐஎஸ் தெரியுமா, கியூஜிஐஎஸ் தெரியுமா என்று கேட்கிறார். பயிற்சி வகுப்புகள் லேயர் சேர்ப்பது, நிறம் கொடுப்பது, சாலைக்கு இருபுறமும் பஃபர் போடுவது, கடைசியில் படத்தை பி.டி.எஃப். ஆக்குவது என்று மெனு மெனுவாக நகர்கின்றன. படத்தைப் பார்ப்பவரின் நம்பிக்கையும் இதற்கு ஏற்றதாகவே இருக்கிறது. கையால் வரைந்ததில் பிசகு இருக்கலாம், கணினி வரைந்ததில் இருக்காது. செயற்கைக்கோள் தரவை அடிப்படையாகக் கொண்டது என்று ஓரத்தில் ஒரு வரி இருந்துவிட்டால் அதன்மேல் பேச்சே இல்லை. ஆனால் மென்பொருள் நிலத்தைப் பார்ப்பதில்லை. எதை ஒரு பொருளாக எண்ணுவது, எவ்வளவு சிறியதை விட்டுவிடுவது, எங்கிருந்து அளப்பது, எதை எல்லை என்று சொல்வது என யாரோ முன்பே எடுத்துவிட்ட முடிவுகளை அது வேகமாக நிறைவேற்றுகிறது, அவ்வளவுதான். ஒரு வரைபடத்தின் சரியும் தவறும் பெரும்பாலும் அந்த முடிவுகளில்தான் இருக்கின்றன. அவற்றைக் கற்றுத்தராத ஜி.ஐ.எஸ். வகுப்பு ஜி.ஐ.எஸ். வகுப்பே அல்ல என்பது என் வாதம்.

இந்தத் துறை பிறந்த விதமே இதைச் சொல்கிறது. 1960-களில் கனடா அரசு தன் நிலவளத்தைக் கணக்கெடுக்க முனைந்தது. எந்த நிலம் பயிருக்கு ஏற்றது, எது காட்டுக்கு, எது வனவிலங்குக்கு என்று வரைபடத் தாள்கள் குவிந்தன. அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டுப் பரப்பைக் கையால் கணக்கிடுவது கட்டுப்படியாகாது என்பதால், அதைக் கணினியைக் கொண்டு செய்யும் முறையை ராஜர் டாம்லின்சன் வகுத்தார். அந்தக் கனடா முறைமைதான் இவ்வகையில் முதலாவது என்று பாடநூல்கள் சொல்கின்றன. அவை அவ்வளவாகச் சொல்லாத பாதி ஒன்று உண்டு. கணினிக்குள் போன தாள்களில் பயிர்நிலம் ஏற்கெனவே ஏழு தரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஏழு என்று வகுத்தவர்கள் மண்ணியல் அறிந்தவர்கள். மூன்றாம் தரம் முடிந்து நான்காம் தரம் தொடங்குவது இங்கே என்று கோடு போட்டவர்களும் மனிதர்கள்தான். கணினி அந்தக் கோடுகளைப் படித்து, ஒன்றோடொன்று வெட்டி, பரப்பைக் கூட்டிச் சொன்னது. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. ஆனால் ஒரு வயல் மூன்றாம் தரமா நான்காம் தரமா என்ற கேள்விக்கு அதனிடம் அன்றும் சொந்தப் பதில் இல்லை, இன்றும் இல்லை.

படமே உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும் என்று நம்புகிறவர்கள் தவறாமல் துணைக்கு அழைப்பது ஜான் ஸ்னோவை. 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியது, இறந்தவர்களின் வீடுகளை ஸ்னோ வரைபடத்தில் குறித்தார், குறிகள் எல்லாம் பிராட் தெரு அடிகுழாயைச் சுற்றிக் குவிந்தன, குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது, நோய் நின்றது. ஜி.ஐ.எஸ். அறிமுகப் பாடங்களில் இந்தக் கதை இல்லாத பாடம் அரிது. நடந்த வரிசை வேறு. காலரா தண்ணீர் வழியே பரவுகிறது என்று ஸ்னோ 1849-லேயே எழுதி வெளியிட்டுவிட்டார். கைப்பிடி கழற்றப்பட்டது 1854 செப்டம்பர் 8 அன்று. அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது. புகழ்பெற்ற அந்தப் படம் வெளிவந்தது அதற்கும் பிறகு. இதைவிடச் சங்கடமான சேதி ஒன்று இருக்கிறது. அதே சாவுகளை அரசின் சுகாதார வாரியம் அமைத்த அறிவியல் குழுவும் வரைபடத்தில் குறித்தது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டே, ஸ்னோவின் கருத்தை ஏற்கக் காரணம் எதுவும் தெரியவில்லை என்று அறிக்கை எழுதியது. கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று நம்பியவர்களுக்கு அந்தக் குவியல் கெட்ட காற்றின் குவியலாகவே தெரிந்தது. ஸ்னோவின் வாதத்துக்கு வலு சேர்த்தவை, குவியலுக்கு நடுவே சாவு விழாத இடங்கள். குழாய்க்கு அருகிலிருந்த ஏழையர் விடுதியில் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் தங்கியிருந்தும் ஐந்து பேர்தான் இறந்திருந்தார்கள்; விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவின் பீர் ஆலைத் தொழிலாளர்கள் தப்பினார்கள்; அவர்கள் தெருக்குழாய்த் தண்ணீரைக் குடிப்பதே இல்லை. இதையெல்லாம் எந்தப் படமும் அவருக்குச் சொல்லவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பழைய லண்டனை விட்டு இன்றைய இந்தியாவுக்கு வருவோம். நம் நாட்டில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் நிலப்படங்களில் ஒன்று, இந்திய வன ஆய்வு நிறுவனம் இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் வன நிலை அறிக்கையின் பச்சைப் படம். 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டின் வனப்பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர், அதாவது நிலப்பரப்பில் 21.76 விழுக்காடு. கடைசி இலக்கம் வரை எண்ணிச் சொன்ன இந்தத் துல்லியம் பார்ப்பவரை மயக்கிவிடும். வனம் என்று எதை எண்ணினார்கள்? குறைந்தது ஒரு ஹெக்டேர் பரப்பு, அதில் மரங்களின் கவிகை 10 விழுக்காடாவது இருக்க வேண்டும். நிலம் யாருடையது, சட்டப்படி அது காடா, மரம் எந்த இனம் என்பவை பொருட்டல்ல. இந்த வரையறைக்குள் பொள்ளாச்சித் தென்னந்தோப்பு வரலாம், கன்னியாகுமரி ரப்பர் தோட்டம் வரலாம், மாந்தோப்பு வரலாம். வராதது எது தெரியுமா? நீலகிரியின் உச்சியில் சோலைக்காடுகளோடு சேர்ந்தே வளர்ந்த இயற்கைப் புல்வெளி. மரம் இல்லாததால் அது வனம் அல்லாத நிலம். வெள்ளையர் காலத்திலும் பிறகும் அந்தப் புல்வெளிகளில் நட்டுப் பரவிய சீகை மரங்களும் தைலமரங்களும் இந்தக் கணக்கில் வனம். அந்த அயல் மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்டால், சூழலியல் அறிந்தவருக்கு அது மறுசீரமைப்பு. படத்தில் அது வன இழப்பு. மென்பொருள் எங்கேயும் தப்புச் செய்யவில்லை. 10 விழுக்காடு என்று சொன்னார்கள், 10 விழுக்காட்டைத் தேடிக் கொடுத்தது. வன ஆய்வு நிறுவனத்தையும் குறை சொல்லக்கூடாது. வரையறையை அது ஒளிக்கவில்லை, அறிக்கைக்குள்ளேயே அச்சிட்டிருக்கிறது. படத்தை எடுத்துப் பகிர்கிறவர்கள்தான் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள்.

அதே அறிக்கைத் தொடரில் இன்னொன்றும் இருக்கிறது. 1999 அறிக்கையில் வனப்பரப்பு 6,37,293 சதுர கிலோமீட்டர். 2001 அறிக்கையில் 6,75,538. இரண்டே ஆண்டில் ஏறத்தாழ கேரளத்தின் பரப்பளவுக்குக் காடு கூடிவிட்டதா? அந்த இடைவெளியில்தான் வேலை செய்யும் முறை மாறியது. முன்பு 1:2,50,000 அளவைப் படத்தில் 25 ஹெக்டேருக்குக் குறைந்த மரத்தொகுதிகள் கணக்கில் வரவில்லை. 2001 முதல் 1:50,000 அளவையில் ஒரு ஹெக்டேர் வரை குறிக்கத் தொடங்கினார்கள். அதுவரை படத்தில் இடம்பெறாத சிறு தோப்புகள் இடம்பெற்றன. கூடவே, பெரிய காட்டுக்குள் இருந்த சிறு வெட்டவெளிகள் கழிந்தன. நிகரக் கணக்கு மேலே ஏறியது. இரண்டு ஆண்டின் படங்களையும் ஒரு கணினியில் ஏற்றி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மாற்றப் படம் அழகாகவே வரும். அந்தக் கழித்தலைச் செய்யக்கூடாது என்று சொல்லும் பொத்தான் எந்த மென்பொருளிலும் இல்லை.

காட்டுக்கு ஒரு ஹெக்டேர் என்றால், நீர்நிலைக்கு இன்னும் பெரிய சல்லடை. இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் தயாரித்து 2011-இல் வெளியான தேசிய ஈரநில அட்லஸ் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்களின் எல்லையை வரைந்தது. அதற்கும் சிறியவை, ஐந்தரை லட்சத்துக்கும் மேல், வெறும் புள்ளிகளாக மட்டும் குறிக்கப்பட்டன. 2.25 ஹெக்டேர் என்பது சுமார் ஐந்தரை ஏக்கர். நம் ஊர்களின் ஊருணி, குட்டை, கோயில் தெப்பக்குளம் என்று எத்தனையோ இந்த அளவுக்கு உள்ளேதான் அடங்கும். நாடு முழுவதற்குமான ஒரு படத்துக்கு அந்த வரம்பு நியாயமானதே. ஆனால் புள்ளிக்குப் பரப்பு இல்லை. பரப்பு இல்லாத ஒன்று சுருங்கவும் முடியாது. கரையில் நான்கு வீடு ஏறி, பாதி குட்டை தூர்ந்துபோனாலும் புள்ளி புள்ளியாகவே இருக்கும். ஆக்கிரமிப்பைக் கண்காணிக்க இந்த லேயரை எடுத்துக்கொள்ளும் அலுவலர் ஒருவர், ஆக்கிரமிப்பு எதுவும் இல்லை என்று மனசாட்சி உறுத்தாமல் அறிக்கை எழுதலாம்.

எதை எண்ணுவது என்பதைப் போலவே, எங்கே வைப்பது என்பதும் மென்பொருளுக்குத் தானாகத் தெரியாது. திருச்சியின் அட்சரேகை ஏறத்தாழ வடக்கு 10.8 பாகை, தீர்க்கரேகை கிழக்கு 78.7 பாகை. பேச்சு வழக்கில் அட்சரேகையை முதலில் சொல்கிறோம். ஜியோஜேசன் போன்ற கோப்பு வடிவங்கள் தீர்க்கரேகையை முதலில் கேட்கின்றன. இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் திருச்சி ஆர்க்டிக்கில், நார்வேயின் ஸ்வால்பார் தீவுகளின் மேற்கு ஓரத்தில் போய் விழும். இது சிரித்துவிட்டுத் திருத்தக்கூடிய தவறு. கண்ணுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. தெரியாத தவறுதான் கெட்டது. வில்லியம் லாம்ப்டன் 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் வழியில் வந்த நம் பழைய நிலவரைத் தாள்கள், பூமியின் வடிவுக்கு எவரெஸ்ட் நீள்கோளத்தை எடுத்துக்கொண்டவை. இன்றைய ஜி.பி.எஸ். எடுத்துக்கொள்வது டபிள்யூ.ஜி.எஸ். 84. பழைய தாளை ஸ்கேன் செய்து, அதன் ஓரத்து எண்களை அப்படியே டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று கொடுத்தால், தமிழ்நாட்டில் எல்லாமே நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து உட்காரும். மாவட்டப் படத்தில் அந்த நகர்வு கண்ணில் படாது. கிராமப் படத்தில் ஒருவர் கிணறு அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். மென்பொருள் ஒரு சிறிய பெட்டியைத் திறந்து, இந்தத் தரவு எந்த முறையில் இருக்கிறது என்று கேட்கத்தான் செய்கிறது. அந்தப் பெட்டியில் ஓகே அழுத்திவிட்டு அடுத்ததுக்குப் போங்கள் என்பதே பல வகுப்புகளின் அறிவுரை.

மென்பொருளில் கோடிக்கணக்கில் பணம் கொட்டும் நிறுவனத்துக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. 2012-இல் ஆப்பிள் தன் வரைபடச் செயலியை வெளியிட்டபோது, ஆஸ்திரேலியாவின் மில்டுரா நகருக்கு வழி கேட்டவர்களை அது சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, கடும் வெயில் காயும் ஒரு தேசியப் பூங்காவின் நடுவே கொண்டுபோய் விட்டது. இந்தச் செயலியை நம்பிப் போகாதீர்கள் என்று விக்டோரியா மாநிலக் காவல்துறையே அறிவிக்க வேண்டிவந்தது. அந்த இடம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, நாட்டின் இடப்பெயர்ப் பட்டியலில் மில்டுரா இரண்டு முறை இருப்பது தெரிந்தது. ஒன்று நகரம். மற்றது அதே பெயருள்ள பரந்த நிர்வாகப் பகுதி. அதைக் குறிக்கும் புள்ளி பகுதியின் நடுவில், ஆளில்லாத நிலத்தில் இருந்தது. பட்டியல் பொய் சொல்லவில்லை, வழிகாட்டும் கணக்கும் பிழைக்கவில்லை. ஒரு பெயருக்குப் பின்னால் இருப்பது ஊரா நிர்வாகப் பரப்பா என்று கேட்க ஆள் இல்லை.

இத்தனையும் பெரிய படங்கள். ஒரு சர்வே எண்ணுக்கு இறங்கி வந்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். தமிழ்நாட்டு வருவாய்த் துறையின் புலப்படம், எல்லாரும் எஃப்.எம்.பி. என்று சொல்லும் தாள், ஒரு புலத்தின் எல்லைக் கற்களுக்கு நடுவே அளந்த நீளங்களைச் சொல்கிறது. புலத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அதிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்துத் தூரம் எடுத்து வரைந்தது. இந்தப் புலம் பூமியின்மேல் எங்கே இருக்கிறது என்பதற்கான அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் பழைய தாளில் கிடையாது. ஒவ்வொரு புலமும் தன் கற்களை மட்டும் அறிந்த தனி உலகம். அதனால் அந்தக் காலத்தில் குறை எதுவும் இல்லை. தகராறு வந்தால் சர்வேயர் சங்கிலியோடு கல்லிலிருந்து கல்லுக்கு அளந்து தீர்த்தார். சிக்கல் எங்கே வருகிறதென்றால், இவற்றைக் கணினியில் ஏற்றி, பக்கத்துப் புலங்களை ஒட்டி, ஒரு கிராமத்தின் முழுப் படம் ஆக்கும்போது. இரண்டு புலங்களுக்கும் பொதுவான ஒரே வரப்பு ஒரு தாளில் ஒரு நீளமாகவும் அடுத்த தாளில் சற்று வேறு நீளமாகவும் இருக்கும். ஒட்டினால் சில இடத்தில் இடைவெளி விழும், சில இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். மென்பொருளில் இதற்கு ஸ்னாப் என்று ஒரு வசதி உண்டு; இத்தனை தூரத்துக்குள் இருக்கும் இரண்டு முனைகளையும் ஒன்றாக்கு என்று சொன்னால் ஆக்கிவிடும். எத்தனை தூரம்? அதை அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர் இடுகிறார். எந்த முனை நகர வேண்டும், எது நிற்க வேண்டும்? அதையும் அவரோ, அவர் கைவைக்காத ஓர் இயல்பமைப்போ முடிவு செய்கிறது. படம் கச்சிதமாகச் சேர்ந்துவிடும். யாரோ ஒருவரின் வரப்பு ஒரு முழம் நகர்ந்திருக்கும். பட்டாதாரர் கையில் கணினிப் படம் வரும்போது, கையால் வரைந்த தாளைவிட இதுதான் துல்லியம் என்று அவரிடம் சொல்லப்படும்.

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு காலத்தைப் பற்றியது. இப்போது அரை மீட்டருக்கும் குறைந்த பிக்சலில் படம் கிடைக்கிறது, டிரோன் சென்டிமீட்டர் கணக்கில் எடுக்கிறது, வகைப்படுத்த செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இந்தப் பழைய தொல்லைகள் தாமாக மறைந்துவிடும் என்கிறார்கள். பிக்சல் சிறுத்தால் மரத்தின் ஓரம் கூர்மையாகத் தெரியும். அந்த மரம் நிற்கும் இடம் காடா என்ற கேள்வி ஒரு சென்டிமீட்டர்கூட முன்னே நகராது. ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் எடுத்த படத்தில் கரை வரை தண்ணீர். மே மாதப் படத்தில் நடுவில் ஒரு தேக்கம், மீதி காய்ந்த மண், அதில் சீமைக்கருவேலம். ஏரியின் எல்லை எது? தண்ணீர் நிற்கும் இடமா, நிரம்பினால் எட்டும் மட்டமா, வருவாய்ப் பதிவேட்டில் ஏரிப் புறம்போக்கு என்று இருக்கும் அளவா? கருவேலம் ஒரு ஹெக்டேருக்கு மேல் அடர்ந்துவிட்டால், முன்சொன்ன வரையறைப்படி ஏரியின் வயிறு வனக் கணக்கில்கூட ஏறலாம். செயற்கை நுண்ணறிவும் வானத்திலிருந்து குதித்ததில்லை. இது ஏரி, இது தோப்பு என்று மனிதர்கள் முன்பே பெயரிட்டுக் கொடுத்த மாதிரிகளைப் பார்த்துத்தான் அது கற்கிறது. மாதிரிக்குப் பெயரிட்டவர் மே மாதப் படத்தில் ஏரியைத் தரிசு என்று குறித்திருந்தால், இயந்திரம் ஆயிரம் ஏரிகளைத் தரிசு என்று குறிக்கும். முன்பு ஒருவர் ஒரு படத்தில் செய்த முடிவு இப்போது ஒரே இரவில் மாநிலம் முழுக்கப் பரவுகிறது.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கனமானது. எல்லாமே யாரோ எடுத்த முடிவு என்றால் எல்லாப் படமும் வெறும் அபிப்பிராயம் ஆகிவிடாதா, பிறகு எதை வைத்து ஆக்கிரமிப்பை நிரூபிப்பது என்று கேட்கிறார்கள். நியாயமான அச்சம். ஆனால் முடிவு என்பதும் அபிப்பிராயம் என்பதும் ஒன்றல்ல. 10 விழுக்காடு கவிகை என்ற வரையறையை யாரும் எடுத்துச் சோதிக்கலாம்: குறிப்பிட்ட இடத்துக்குப் போய் மரத்தை அண்ணாந்து பார்த்து, படம் சொன்னது சரியா என்று எண்ணலாம். எத்தனை இடத்தில் சரி, எத்தனையில் தவறு என்று அட்டவணை போடுவது தொலையுணர்வுத் துறையில் நீண்டகால வழக்கம். வரையறையே பிடிக்கவில்லை என்றால் அதை மாற்றி, அதே தரவை மறுபடி ஓட்டி, வித்தியாசத்தைக் காட்டலாம். முடிவை வெளியே எழுதி வைத்தவரோடு சண்டை போட வழி இருக்கிறது; கணினி சொல்லிவிட்டது என்பவரோடு வழியே இல்லை. 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இதற்கு நல்ல உதாரணம். ஒரு மண்பாதையைச் சாலை என்று குறிப்பதா, வண்டித்தடம் என்று குறிப்பதா என்று அதன் தன்னார்வலர்கள் பொதுவெளியில் சலிக்காமல் வாதாடுவார்கள். பார்ப்பவருக்கு வெட்டிப்பேச்சாகத் தோன்றும். வரைபடவியலின் முக்கால்வாசி அந்தப் பேச்சுதான்.

கடைசியாகச் சொல்லப்படுவது பிழைப்பு. வரையறையும், எவரெஸ்டா டபிள்யூ.ஜி.எஸ். 84-ஆ என்று சொல்லும் டேட்டமும் படித்துக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு வேலை யார் கொடுப்பார், நிறுவனங்கள் கேட்பது மென்பொருள் பயிற்சியைத்தானே என்கிறார்கள். வேலைக்கான விளம்பரங்கள் அப்படித்தான் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் மெனுவின் ஆயுள் எவ்வளவு என்று பாருங்கள். 1982-இல் ஆர்க்ஜிஐஎஸ்ஸின் முன்னோடியான ஆர்க்/இன்ஃபோ வந்தபோது எல்லாம் கட்டளை வரிகள். பிறகு ஆர்க்வியூ, பிறகு ஆர்க்மேப், பிறகு ஆர்க்ஜிஐஎஸ் புரோ. ஒரு தலைமுறையே பாடமாகப் படித்த ஆர்க்மேப்புக்கு ஆதரவு நிறுத்தும் நாளாக 2026 மார்ச் 1-ஐ அதன் நிறுவனமே குறித்தது. 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கிய கியூஜிஐஎஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் பொத்தான்களைக் கையேட்டைப் பார்த்து யாரும் பழகிக்கொள்ளலாம். மென்பொருள் மாறிய ஒவ்வொரு முறையும் பொத்தானை மட்டும் கற்றவர் முதல் வகுப்புக்குத் திரும்பினார். உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் யு.டி.எம். முறையில் கோயம்புத்தூர் மண்டலம் 43-இலும் மதுரை 44-இலும் விழுகின்றன என்பதும், இரண்டையும் ஒரே தாளில் போட்டுப் பரப்பளந்தால் என்ன ஆகும் என்பதும் எந்தப் பதிப்பிலும் மாறவில்லை. ஒரு பருவத்தின் முதல் சில வாரங்களில் கணினியையே தொடாமல், மாணவர்கள் கையில் ஒரு புலப்படத்தையும் அளவு நாடாவையும் கொடுத்து வயலுக்கு அனுப்பினால் செலவு ஒன்றும் பெரிதில்லை. திரும்பி வரும்போது அவர்களிடம் இரண்டு வரப்பு நீளங்கள் இருக்கும், தாளில் உள்ளது ஒன்று, நாடா சொன்னது ஒன்று. ஸ்னாப் பெட்டியில் என்ன எண்ணை இடுவது என்ற பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.